வலியா, காயமா?

அமெரிக்கக் கால்பந்தில் ஜனவரி மாதம், தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுகளின் காலம். அப்போது ரசிகர்களிடையே ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். காயமுற்ற குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் வகுத்த ஆட்டமுறை சரிதானா என்பதே அது. தாக்குதல் அனைத்தும் அந்த ஒருவரின் கைவழியே நடைபெறுகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு, எதை ஆடுவது என்ற ஆணை அவருடைய தலைக்கவசத்துக்குள் ஒலிக்கிறது. எனவே, அவருடைய முழங்கால் அணி முழுவதன் கவலையாகிறது.

2013 ஜனவரி 6 அன்று வாஷிங்டன் அணி தன் சொந்தத் திடலில் சியாட்டிலை எதிர்கொண்டது. வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினுக்கு வயது 22. நான்கு வாரங்களுக்கு முன்பு அடிபட்ட முழங்காலுக்குக் காப்புப்பட்டை அணிந்து ஆடினார். முதல் கால்பகுதியிலேயே அணி 14-0 என முன்னிலை பெற்றது. ஆனால், அதே கால்பகுதியில் அவர் நொண்டத் தொடங்கினார். அதன்பின் வாஷிங்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இறுதிக் கால்பகுதியில், நழுவிய பந்தை எடுக்க முயன்றபோது முழங்கால் மடங்கி அவர் வீழ்ந்தார். ஆட்டம் 14-24 எனத் தோல்வியில் முடிந்தது. மூன்று நாள்களில் இரு தசைநார்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

மாற்று ஆட்டக்காரர் கிர்க் கசின்ஸை இறக்கியிருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. கிரிஃபின் நீடித்திருக்கலாம், அவரை ஓடவைக்காமல் குறுகிய வீச்சுகளையும் பிறர் ஓட்டத்தையும் நம்பியிருக்கலாம் என்பது மறுதரப்பு. இரண்டாவது வாதம் நடுநிலையானதாகத் தோன்றும். எனினும், பொருளியலாளன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த ஆண்டு வாஷிங்டனின் தாக்குதல் ஒரு மிரட்டலின்மீது கட்டப்பட்டிருந்தது. கிரிஃபின் பந்தை ஆல்ஃபிரட் மாரிஸிடம் கொடுக்கலாம், அல்லது தாமே எடுத்துக்கொண்டு ஓடலாம். எது நடக்கும் என்று தெரியாமல் எதிரணித் தடுப்பாளர் ஒரு கணம் தயங்குவார். அப்பருவத்தில் மாரிஸ் ஓடிச் சேர்த்த 1,613 கெஜங்களில் அந்தத் தயக்கத்துக்கும் பங்குண்டு. நொண்டுபவரைக் கண்டு யார் தயங்குவார்? கிரிஃபின் ஓடாதபோது மாரிஸின் ஓட்டமும் மதிப்பிழக்கிறது. காலை ஊன்ற முடியாதபோது வீச்சும் வலுவிழக்கிறது. ஒரு பண்டம் கெட்டால் அதனோடு இணைந்து பயன்படும் பண்டங்களும் பயனற்றுப்போகும் என்று வகுப்பில் சொல்வோமே, அது இதுதான்.

வென்றிருந்தால் இதே முடிவைத் துணிவு என்று கொண்டாடியிருப்பார்கள். எனவே, விளைவை விடுத்து, அன்று எந்தத் தகவலை நம்பி முடிவெடுத்தார்கள் என்றே பார்க்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷானஹன் ஆட்டக்காரரையே கேட்டார். வலிக்கிறது, ஆனால் காயமில்லை என்ற பொருளில் கிரிஃபின் பதிலளித்தார். 22 வயது இளைஞர் வேறென்ன சொல்வார்? உண்மையை மறைப்பதில் நாட்டமுள்ளவரிடமே உண்மையைக் கேட்பது தகவல் திரட்டுவதாகாது, பொறுப்பைக் கைமாற்றுவதாகும். அவரைத் தேர்வு செய்யும் உரிமைக்காக அணி மூன்று முதற்சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் விலையாகக் கொடுத்திருந்தது. அப்படிச் செலவிட்டுப் பெற்றவரை ஓரமாக உட்காரவைக்க எளிதில் மனம் வராது.

பத்தாண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், மைக்கின் மகன் கைல் ஷானஹன் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் தலைமைப் பயிற்சியாளர். (2013 ஆட்டத்தில் தந்தையின்கீழ் தாக்குதலை வகுத்தவரும் அவரே.) ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே பிராக் பர்டிக்கு முழங்கையில் காயம். மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சன் தலையில் அடிபட்டு வெளியேற, வீச இயலாத பர்டியே திரும்ப வேண்டியதாயிற்று. முடிவு 7-31. மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளும் விதியை லீக் அதே ஆண்டு மீட்டுக்கொண்டுவந்தது. நல்லதுதான்; ஆனால், அது ஆள் பற்றாக்குறைக்கான தீர்வு மட்டுமே.

ஜான்சனுக்கும் பர்டிக்கும் இடையே இருந்த வேறுபாடே முக்கியமானது. 2013 பருவம் முதல் அணியைச் சாராத நரம்பியல் மருத்துவர்கள் திடலோரத்தில் இருக்கிறார்கள். தலையில் அடிபட்டவரைத் திருப்பி அனுப்பும் முடிவு பயிற்சியாளர் கையில் இல்லை. மூட்டுக்காயமோ இன்றும் அணி மருத்துவர், பயிற்சியாளர், ஆட்டக்காரர் ஆகியோருக்கிடையே முடிகிற விவகாரம். வலியோடு ஆடுவது இத்தொழிலின் இயல்பு, ஒவ்வொரு நொண்டலுக்கும் தடை விதித்தால் ஆட ஆள் இருக்காது என்பார்கள். அதில் உண்மையுண்டு. ஆயினும், ஏற்கெனவே காயமுற்ற மூட்டு ஆட்டத்தின் நடுவே மீண்டும் அடிபட்டால், சார்பற்ற மருத்துவர் ஒருவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவது அரிதான காரியமன்று. எந்த நகர்வை ஆடுவது என்பது பயிற்சியாளரின் உரிமை. யாருடைய உடலைக்கொண்டு ஆடுவது என்பதையும் அவரிடமே விட்டுவிட்டு, பின்னர் அவரது ஆட்டமுறையைக் குறைகூறுவது பொருத்தமில்லாத வாதம்.

2015இல் கசின்ஸ் வாஷிங்டனின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். கிரிஃபின் அப்பருவத்தில் லீக் ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறக்கப்படவில்லை.