இலக்கைத் தாண்டி விற்றும் நஷ்டம்: ட்ரைஸ்டார் விமானமும் உங்க எண்டோவ்மென்ட் பாலிசியும்

எண்டோவ்மென்ட் பாலிசி வீடியோவுக்குக் கீழே வந்த கமென்ட்களில் பாதி ஒரே கேள்விதான்: "எட்டு வருஷம் பிரீமியம் கட்டிட்டேன், இப்போ விட்டா போட்ட காசு போயிடுமே, என்ன பண்றது?" இதுக்கு லாக்ஹீட் கம்பெனியோட ட்ரைஸ்டார் விமானத்தை வச்சு பதில் சொல்றேன். கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுவும் காசு கணக்குதான்.

1966-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு விமானம் கேட்டது. போயிங் 747 அளவுக்குப் பெருசா வேண்டாம், ஆனா உள்ளே இரண்டு நடைபாதையோட அகலமா இருக்கணும். லாக்ஹீட், மெக்டொனல் டக்ளஸ் இரண்டுமே களத்தில் இறங்கின. ஒண்ணு ட்ரைஸ்டார், இன்னொண்ணு டிசி-10. மூணு இன்ஜின், கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே வாடிக்கையாளர்கள். ஒரு கடைக்கு மட்டும் வியாபாரம் இருக்கிற தெருவில் எதிரெதிரே இரண்டு கடை திறந்த மாதிரி.

விமானத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மோசமான பனிமூட்டத்திலும் தானாகவே தரையிறங்கும் வசதி அதில் இருந்தது. ஏர் லங்கா ட்ரைஸ்டாரில் பறந்தவங்க யாராவது உங்க வீட்டிலும் இருக்கலாம். மூணாவது இன்ஜினை வாலுக்குள்ளே தாழ்வா வச்சு, மேலேயிருந்து எஸ் வடிவத்தில் வளைந்து வரும் குழாய் வழியா காற்று கொடுத்தாங்க. அழகான வடிவமைப்பு. ஆனா அந்த இடம் ரோல்ஸ் ராய்ஸின் ஆர்பி211 இன்ஜினோட நீளத்துக்கு அளவெடுத்தது. வேற இன்ஜின் பொருந்தாது.

ஆர்பி211-க்கு முதலில் கார்பன் ஃபைபர் விசிறி இறக்கைகள் வச்சாங்க. பறவை மோதினா தாங்குமான்னு கோழியை வீசிப் பார்த்த சோதனையில் அது உடைஞ்சு போச்சு. டைட்டானியத்துக்கு மாறினாங்க, செலவு எகிறியது. 1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. பிரிட்டிஷ் அரசு அதை எடுத்துக்கிட்டதால்தான் இன்ஜினே வந்தது. டிசி-10 1971 ஆகஸ்டிலேயே சேவைக்கு வந்துடுச்சு. ட்ரைஸ்டார் வந்தது 1972 ஏப்ரலில்.

இதுக்கு நடுவில் லாக்ஹீட் 25 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்னது. செனட்டில் 49-க்கு 48, ஒரே ஒரு ஓட்டில் தப்பிச்சது. அங்கே அவங்க சொன்ன கணக்கு: 195 முதல் 205 விமானம் வித்தா போட்டது திரும்பிடும். உறுதியான ஆர்டர் 103, விருப்ப ஆர்டர் 75.

கடைசியில் எத்தனை செஞ்சாங்க தெரியுமா? 250. இலக்கைத் தாண்டியாச்சு. ஆனாலும் சுமார் 250 கோடி டாலர் நஷ்டம்.

எப்படி? 1973-ல் ஊவே ரைன்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பிரிச்சு எழுதினார். லாக்ஹீட் கணக்கில் முடங்கின பணத்துக்கான செலவு, அதாவது வட்டி, சேரவே இல்லை. இன்னைக்குப் போட்ட 1 லட்சம் எட்டு வருஷம் கழிச்சு 1 லட்சமா வந்தா அது "போட்டது வந்தாச்சு" இல்லை. 10% வட்டியில் அது 2.14 லட்சமா வந்திருக்கணும். தாமதம், செலவு ஏற்றம், டிசி-10 போட்டி எல்லாம் அதுக்கு மேலே.

ட்ரைஸ்டார்னாலே "போட்ட காசை நினைச்சு மேல மேல போட்டாங்க"ன்னு பாடம் எடுப்பாங்க. எனக்கு அது பாதி உண்மையாத்தான் தெரியுது. பெரிய தப்பு 1968-ல் இறங்கினது. 1971-ல் கேட்க வேண்டிய கேள்வி, இனிமே போடப் போறதுக்கு எவ்வளவு வரும் என்பது மட்டும்தான். அதுக்கு "தொடரலாம்"னும் பதில் வரலாம்.

இப்போ உங்க பாலிசி. ஒரு உதாரணம். வருஷம் 50,000, இருபது வருஷம், முதிர்வில் 17 லட்சம் வரும்னு வைப்போம். ஆரம்பத்திலேயே 7% கிடைக்கிற இடத்தில் போட்டிருந்தா சுமார் 22 லட்சம். சேர்ந்ததே தப்பு, சந்தேகமே இல்லை. ஆனா எட்டு வருஷம் ஆச்சு, சரண்டர் மதிப்பு 2.4 லட்சம். அதையும் மீதி பன்னிரண்டு வருஷ பிரீமியத்தையும் அதே 7%-ல் போட்டா சுமார் 15 லட்சம்தான் வருது. தொடர்ந்தா 17. கட்டிய 4 லட்சம் இரண்டு பக்கத்திலும் வரவே இல்லை, கவனிச்சீங்களா?

மூணாவது வருஷத்தில் இருக்கிறவங்களுக்கு விடை தலைகீழா வரலாம். கிளையில் சரண்டர் மதிப்பை எழுத்தில் வாங்குங்க, பெய்டு-அப் ஆக்கினா எவ்வளவுன்னும் கேளுங்க. முதிர்வுத் தொகைக்கு ஏஜென்ட் காட்டுற போனஸை அப்படியே எடுத்துக்காம கொஞ்சம் குறைச்சே போடுங்க. சரண்டர்தான்னு முடிவாச்சுன்னா, டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு பண்ணுங்க.