செத்தவன் எந்தச் சண்டையில் செத்தான்?

ஜூலை 26 கார்கில் தினம் வந்தால் எல்லார் செல்போனிலும் மெழுகுவர்த்தி எரியும். 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தபோது தியேட்டரில் அழாமல் வெளியே வந்தவர்கள் குறைவு. தப்பே இல்லீங்க. மேஜர் முகுந்த் வரதராஜன், திருச்சி மேஜர் சரவணன், 2020-ல் கல்வானில் இறந்த ராமநாதபுரம் ஹவில்தார் பழனி... இவங்களுக்கெல்லாம் நாம செய்யறது கம்மிதான். ஆனா எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. எல்லாருக்கும் பிடித்த சண்டையில் செத்தவனுக்கு மட்டும்தானா இந்த மரியாதை?

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நான் பேச வந்தது இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையைப் பற்றி. (அமைதிப்படைன்னு சொன்னா என் வகுப்பில் பாதிப்பேர் சத்யராஜ் படத்தைத்தான் சொல்றாங்க, அது வேற!) 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழர்களைக் காப்பாற்றத்தான் போறோம்னு சொல்லிப் போன படை, அக்டோபரில் புலிகளோடு சண்டை போட ஆரம்பித்தது. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் கிளம்புவதற்குள் நம்ம பக்கம் செத்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். கார்கிலில் 527. இரண்டு மடங்குக்கும் மேல்! யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரே ராத்திரி ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எங்க ஊரில் ஒரு முன்னாள் ராணுவத்தார் இருக்கார். ஊருக்கே மிலிட்டரி மாமா. இரண்டு வருஷம் அங்கே இருந்தவர். தமிழ் பேசும் சிப்பாய் என்பதால் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது அவரைத்தான் முன்னால் விடுவார்களாம். உள்ளே இருக்கும் அம்மாக்கள் நம்ம பேச்சிலேயே அழுது கெஞ்சுவதைக் கேட்டபிறகு ராத்திரி சாப்பாடு இறங்காதாம். கூட இருந்த சிநேகிதர் கண்ணிவெடியில் போனார். உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். 1990-ல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினால் வரவேற்க முதலமைச்சர் கலைஞர் வரவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. மாமாவுக்கு அதில்கூடக் கோபம் இல்லை. 1987 அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று பார்க்காமல் சுட்டது அவருக்கும் தெரியும். அதை அவர் மூடி மறைக்கவும் இல்லை. சிநேகிதர் பேரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது சத்தமா சொல்லணும், அவ்வளவுதான் அவர் கேட்பது.

இது நியாயமான ஆசைன்னு நான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் டெல்லி இல்லை, நம்ம புதுக்கோட்டைதான்.

பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்து பொறித்த நடுகல் கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த ஒரு கல்லில் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. ஆகோள்னா மாடு பிடிக்கிற சண்டை. அந்தக் காலத்தில் மாடு கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை. கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டார்கள், மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் நட்டார்கள். யார் பக்கம் நியாயம்னு பட்டிமன்றம் வைத்துத் தீர்ப்பு வந்தபிறகு நடவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல்லில், திருடர்களைக் கடித்த கோவிவன் என்கிற நாய்க்குக்கூட இடம் இருக்கு! ஏழாம் நூற்றாண்டில் நாயின் பேரைக் கல்லில் வெட்டிய ஜனங்க நாம. 1987-ல் செத்த மனுஷன் பேரைச் சொல்ல ஏன் வாய் வரமாட்டேங்குது?

'அப்போ ஈழத்தமிழர் மனசு?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. 2009-க்குப் பிறகு இலங்கை ராணுவம் மாவீரர் துயிலும் இல்லங்களைப் புல்டோசரால் இடித்தபோது நாம் ஏன் கொதித்தோம்? அங்கே படுத்திருந்தவர்களின் அரசியல் எல்லோருக்கும் சம்மதமா என்ன? பெத்தவள் விளக்கேற்ற ஒரு இடம் வேணும், அதைப் பறிப்பது அநியாயம் என்பதால்தானே. அந்த நியாயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் அது நியாயமே இல்லை. ஆஸ்பத்திரியில் செத்தவர்களையும் சேர்த்து நினைப்போம். அந்தச் சிப்பாயை அனுப்பியவர்களைத் திட்டுவோம், தாராளமா. ஒன்று இன்னொன்றை அழிக்காது.

எங்க அக்கவுண்டன்ஸியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு உண்டு. இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை அதில் தள்ளிவிட்டுத் தற்காலிகமாகச் சமன் செய்வோம். பிறகு தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தே ஆகணும். இந்த 1,200 பேரையும் தமிழ்நாடு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதிலேயே போட்டு வைத்திருக்கு.

கொழும்புப் பக்கம் பத்தரமுல்லையில் 2008-லேயே அமைதிப்படைக்கு நினைவுச்சின்னம் வந்துவிட்டது. டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் 2019 முதல் பேர்கள் இருக்கின்றன. ஆனால் டெல்லி சுவரில் இருக்கும் பேரை ஆலங்குடியிலோ கந்தர்வகோட்டையிலோ இருக்கிற அம்மா எப்போ போய்த் தடவிப் பார்க்கிறது?

கல்லெல்லாம் செலவு, டெண்டர், கட்சிச் சண்டை. அது வேண்டாம். ஜனவரி 26-லும் ஆகஸ்ட் 15-லும் கிராம சபை கூடுதில்ல? அந்தந்த ஊரில் பிறந்து பட்டாளத்தில் செத்தவர்கள் பேரை, எந்தச் சண்டைன்னு பிரிக்காமல், ஆரம்பத்தில் வாசிக்கட்டும். இரண்டு நிமிஷம் ஆகுமா? எங்க ஊருக்கான மனுவை எழுதிட்டேன். மாமா கையெழுத்துதான் முதல் கையெழுத்து.