இந்த வார டவுட்: மாத்திரை உள்ளே போய் என்னதான் பண்ணுது?

சேந்தமங்கலத்தில் இருக்கும் என் மாமா, லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். போன வருஷம் மூணு வாரமாக விடாத இருமல். சளி டெஸ்ட்டில் காசநோய் என்று தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் இருமல் அடங்கியது. அதோடு மாமா மாத்திரையையும் நிறுத்திவிட்டார்!

அத்தை போனில் ஒரே அழுகை. மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“ஏன் மாமா நிறுத்தினீங்க?”

“இருமல்தான் நின்னுபோச்சே கண்ணு. முட்டியெல்லாம் வலிக்குது. ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல வருது. அந்த மாத்திரை உள்ள போயி என்னதான் பண்ணுது? அதை யாராச்சும் சொன்னீங்களா?”

நியாயமான கேள்விதானே? எனக்கும் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை மாமாவுக்குப் புரிகிற மாதிரி, பட்டறை பாஷையிலேயே சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கிருமிக்குள் ஒரு காயலான்கடை

எந்த உயிரணுவிலும் வேலை பார்ப்பது புரதங்கள்தான். பழசானதையும் கெட்டுப்போனதையும் உடைத்து, உதிரியை மறுபடி பயன்படுத்த வேண்டும். அதற்காகக் காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் மெஷின்களில் ஒன்றின் பெயர் ‘கிளிப்’.

லாரியின் பின்னாடி ஜோடியாக ரெண்டு டயர் இருக்குமல்லவா, அப்படி இரண்டு வளையங்கள். ஒவ்வொன்றிலும் 7 துண்டுகள். ஒரு வளையம் ‘கிளிப் பி1’, இன்னொன்று ‘கிளிப் பி2’. தனித்தனியாக இருந்தால் இரண்டும் வேலைக்கு ஆகாது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் மெஷின் ஓடும். வெட்டும் கத்திகள் எல்லாம் உள்பக்கம். வாசலோ ரொம்பக் குறுகல். இல்லாவிட்டால் நல்ல புரதங்களும் உள்ளே விழுந்து நறுங்கிவிடும்.

அப்படியானால் கெட்ட புரதம் எப்படி உள்ளே போகும்? வாசலில் 6 துண்டுகளால் ஆன இன்னொரு வளையம் உட்காருகிறது. பெயர் ‘கிளிப் சி1’. ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விடும். சுருண்டு கிடக்கும் புரதத்தைப் பிடித்து, நூல் மாதிரி பிரித்து, உள்ளே தள்ளும். இதற்கான எரிபொருள் ஏடிபி.

இதே கிருமியிடம் ‘புரோட்டியசோம்’ என்று இன்னொரு மெஷினும் உண்டு. 7 துண்டு வளையங்கள் நான்கு, மொத்தம் 28. நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் நைட்ரிக் ஆக்ஸைடால் தாக்கும்போது, கிருமி தாக்குப்பிடிக்க உதவுவது இதுதான்.

மாத்திரை செய்யும் தந்திரம்

முதல் இரண்டு மாதம் தரும் மாத்திரையில் நான்கு மருந்துகள்: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். ஆரஞ்சு கலருக்குக் காரணம் ரிஃபாம்பிசின். அதற்குப் பயப்பட வேண்டாம். முட்டி வலிக்குப் பெரும்பாலும் காரணம் பைரசினமைடு. அது யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும்.

ஆனால், 9 மாத சிகிச்சையை 6 மாதமாகக் குறைக்க உதவியதே இந்தப் பைரசினமைடுதான். 1950-களிலிருந்தே பயன்பாட்டில் இருந்தாலும், அது எப்படிக் கிருமியைக் கொல்கிறது என்பது பல காலம் புதிர். 2020-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒரு முக்கியமான வழியைக் காட்டியது.

கிருமி தன் உணவை ஆற்றலாக்க ‘கோஎன்சைம் ஏ’ வேண்டும். அதைத் தயாரிக்கும் வரிசையில் ‘பேன்டி’ என்ற புரதம் ஒரு வேலைக்காரன். மருந்து போய் பேன்டியோடு ஒட்டிக்கொள்கிறது. உடனே வாசலில் இருக்கும் கிளிப் சி1, அதைக் காயலான் சரக்கு என்று நினைத்து உள்ளே இழுத்து நறுக்கிவிடுகிறது. அதாவது, நல்ல ஓட்டத்தில் இருக்கும் லாரியைக் கிருமியே உடைத்துப் போடுகிறது!

ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது?

இருமல் நிற்பது, பெருமளவு கிருமி செத்ததற்கு அடையாளம். எல்லாம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மந்தமாகப் பதுங்கியிருக்கும் மிச்சத்தைப் பிடிப்பதில்தான் பைரசினமைடு கெட்டி. பாதியில் விட்டால் நோய் திரும்பலாம், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் தலைதூக்கலாம். பேன்டியிலோ கிளிப் சி1-லோ சின்ன மாற்றம் ஏற்பட்டாலே இந்தத் தந்திரம் பலிக்காமல் போகலாம்.

இதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), சானடோரியத்தில் சேராமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. மாமா வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட முடிவது அதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சளி டெஸ்ட் இலவசம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விடாத வாந்தி, கண் மஞ்சளாவது இருந்தால் அன்றைக்கே ஓடுங்கள். சத்தான சாப்பாட்டுக்கு மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, கேட்டு வாங்குங்கள்.

மறுநாளே அத்தை மாமாவைக் கூட்டிப்போனார். டாக்டர் திட்டவில்லை. வலிக்கு மருந்து கொடுத்து, சிகிச்சையைத் தொடரச் சொன்னார். விட்டது ஐந்தே நாள் என்பதால் சமாளித்துவிட்டார்கள்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். “ரெண்டு மாசம் தாண்டிருச்சு கண்ணு. முட்டி வலி மாத்திரையை எடுத்துட்டாங்க. இன்னும் நாலு மாசம் மத்ததை முழுங்கணுமாம்.”

“முழுங்குவீங்களா மாமா?”

“உடைக்கிற வேலையைப் பாதியில விட்டா, எந்தப் பட்டறைக்காரன் கூலி குடுப்பான்?”