வைராக்கியம் போதும் என்பவர்களுக்கு

வல்வெட்டித்துறையில் சிகரெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும். "விட நினைச்சவன் விடுவான். மனத்திடம் இல்லாதவனுக்கு ஆர் சொல்லியும் பிரயோசனமில்லை." கடலுக்குப் போகிறவர் சொல்வார், வாத்தியார் சொல்வார், சிகரெட்டைத் தொட்டே பார்க்காத அக்காவும் சொல்வார். சலரோகத்தில் கால்விரலை இழந்தவரைப் பார்த்தும், நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தவரைப் பார்த்தும் இதையேதான் சொல்கிறார்கள். "வருத்தம் வந்தும் விடேல்லை எண்டால் அவனெல்லாம் ஒரு மனுசனே?" என்று ஒரு சொல் மேலதிகமாகவும் விழும். இந்த நம்பிக்கை பிழையானது. அதோடு நிற்காமல் ஆட்களைச் சாகவும் விடுகிறது.

இது இந்த ஊரில் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பது எனக்கு விளங்குகிறது. வைராக்கியத்தைக் கும்பிடுகிற ஊர் இது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. 1954இல் நவரத்தினசாமி இங்கிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பினார். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு துண்டுச் சிகரெட் பெரிய காரியமாகத் தெரியாதுதான். ஆனால் பாய்க்கப்பலை அதன் தலைவனான தண்டையல் தனியே ஓட்டியதில்லை. ஆனந்தன் 1984இல் உயிர்விட்ட ஆங்கிலக் கால்வாயில், துணைக்குப் படகு இல்லாமல் எப்பேர்ப்பட்ட வீரரையும் நீந்த விடுவதில்லை. கதையைச் சொல்லும்போது நாங்கள் படகையும் ஆட்களையும் விட்டுவிட்டு ஒருவருடைய பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். நாளுக்கு ஒரு பெட்டி ஊதியவர் மாலை விழுந்த அன்றோடு நிறுத்திவிடுகிறார். 41 நாள் தொடுவதில்லை. நிக்கொட்டின் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துபோகும் பொருள். அது இல்லாமல் வரும் எரிச்சல், நித்திரையின்மை, பதற்றம் எல்லாம் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் 41ஆம் நாள் மாலையைக் கழற்றும் மனிதருடைய உடம்பு கஷ்டமான பகுதியை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் விரதம் முடிந்த கையோடு சந்திக் கடையில் நின்று ஒன்றைப் பற்ற வைக்கிறார். பக்தி தீர்ந்துவிட்டதா? மனத்திடம் ஒரே இரவில் போய்விட்டதா?

தீர்ந்தது கூட்டு. அந்த 41 நாளும் அவர் சாமி, கூட விரதமிருப்பவர்களும் சாமி. விடியக் குளிப்பதும் பொழுதுபட்டால் பஜனை பாடுவதும் ஒன்றாக. தேத்தண்ணிக் கடையில் அவரிடம் பெட்டியை நீட்ட யாருக்கும் கை வராது. சாப்பாட்டுக்குப் பிறகு கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போகும் அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு சாமி பக்கத்தில் இருப்பார், அல்லது தொலைபேசியில் கூப்பிடுவார். மாலை கழன்றதும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சாமி மறுபடியும் அண்ணையாகி, பழைய சிநேகிதர்களின் நடுவில் போய் நிற்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் கண்முன்னே இவ்வளவு தெளிவாக நடக்கும் ஒன்றை வைராக்கியம் என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வெளிநாட்டிலும் இதையே கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரேமிங்காமில் 1971 முதல் 2003 வரை 12,067 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஆட்கள் தனித்தனியாக அல்ல, கூட்டங் கூட்டமாகவே புகையை விட்டது தெரிந்தது. கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் தொடர்ந்து புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதமும், சிநேகிதர் விட்டால் 36 சதவீதமும் குறைந்தது. எந்த உதவியும் இல்லாமல் தனியே விட முயல்பவர்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். "நான் தனியத்தானே விட்டனான்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்த ஐந்து பேரில் ஒருவர். மற்ற 95 பேரை அவரைக் காட்டி ஏசுவது நியாயமா?

ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்ததைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெடியள் சிலரும் பழகினார்கள். அதே ரஜினி 2023இல் ஒரு மேடையில், தன்னைக் குடியிலிருந்தும் சிகரெட்டிலிருந்தும் மாற்றியது மனைவி லதாவின் அன்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஸ்டைலைப் படித்தவர்கள் இதைப் படிக்கவில்லை.

வருத்தக்காரரின் விஷயம் இன்னும் கொடியது. "இனி விட்டு என்ன பலன், போற கட்டைதானே" என்று அவரே சொல்வார், நாங்களும் தலையாட்டுவோம். இது அப்பட்டமான பொய். இதய இரத்தக்குழாய் நோய் வந்தபின் புகையை விட்டவர்களின் மரண ஆபத்து, விடாதவர்களோடு ஒப்பிட்டால் 36 சதவீதம் குறைவு என்று 2003இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 517 பேரை ரஷ்யாவில் தொடர்ந்து பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தெரிந்தபின் விட்டவர்கள் நடுக்கணக்கில் 6.6 வருடமும் விடாதவர்கள் 4.8 வருடமும் வாழ்ந்தார்கள். புற்றுநோய்க்குப் பிறகும் இவ்வளவு மிச்சம் என்றால் சீனி வருத்தத்துக்கும் முட்டுக்கும் பலனில்லை என்று யார் சொன்னது? கால் இரத்தக்குழாய்கள் அடைபடும் பேர்கர் நோய் இளம் ஆண்களின் விரல்களைக் கருக்குவது. அதில் முழுதாக விட்டவர் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார். நாளுக்கு ஒன்றிரண்டு போதும் என்று குறைத்தவருக்கு நோய் நிற்பதில்லை.

ஆனால் அவருக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? கிளினிக் நாளில் விடியவே போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, முறை வந்ததும் வைத்தியருக்கு முன்னால் சில நிமிடம். கிளினிக் கொப்பியில், "புகைக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்த மாதமும் அதே வரி. இரண்டு கிளினிக்குக்கு நடுவில் வரும் 29 நாளும் அவர் தனியாள். வீட்டில் பேச்சு வாங்குவதால் கிணற்றடிக்குப் பின்னால் ஒளித்துப் புகைக்கிறார். ஒளிக்கத் தொடங்கியவருக்கு உதவி கேட்க வாய் வராது. எங்கள் ஏச்சு அவரைச் சிகரெட்டிடமிருந்து பிரிக்கவில்லை, எங்களிடமிருந்துதான் பிரித்தது.

போரையும் சுனாமியையும் கண்ட ஊர் இது. பலர் பழகியதே அந்த இரவுகளில். "அதுதான் மனதுக்கு ஆறுதல்" என்று அவர்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் விட்டவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறைவதாக 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். புகை தணிப்பதாகத் தோன்றும் பதற்றத்தில் ஒரு பங்கு, அடுத்த சிகரெட் கேட்கும் பதற்றமே.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலையை ஆவலோடு வாங்கிய மலையாளக் கரையிலிருந்தே வேறு வழியும் வந்திருக்கிறது. தெற்குக் கேரளத்தில் புகைபிடிக்கும் 224 சலரோகக்காரரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வைத்தியரின் புத்திமதியும் துண்டுப் பிரசுரமும். மற்றப் பகுதிக்கு அதோடு, வைத்தியர் அல்லாத ஒரு சுகாதாரப் பணியாளர் பக்கத்தில் இருந்து, சலரோகத்தையும் புகையையும் இணைத்துப் பேசினார். ஆறு மாதத்தில், நோயாளிகளே சொன்ன கணக்குப்படி, விட்டிருந்தவர்கள் முதற் பகுதியில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 51.8 சதவீதம். 2013இல் வெளியான முடிவு இது. இரண்டு பகுதியிலும் ஒரே மாதிரி ஆண்கள், ஒரே நோய். மனத்திடத்தைப் பார்த்து யாரையும் பிரிக்கவில்லை. கூடுதலாக இருந்தது பேச ஓர் ஆள்.

அந்த ஆள் எங்களிடம் இருக்கிறார். நெஞ்சுவலி வந்து சிகரெட்டை விட்ட ஒருவராவது இல்லாத ஒழுங்கை வல்வெட்டித்துறையில் இராது. அவரைக் கிளினிக் நாளில் அதே வாங்கில் கொண்டுவந்து இருத்துங்கள். புதிதாக விட நினைக்கும் இரண்டு மூன்று பேரை அவரோடு சேர்த்து ஒரு நாளைக் குறியுங்கள். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆளை ஆள் தொலைபேசியில் கூப்பிடட்டும். இடையில் ஒருவர் வழுக்கிவிட்டால் மறுநாளே திரும்ப வரட்டும், ஒருவரும் ஏசவேண்டாம். நிக்கொட்டின் மாற்று மருந்து தனக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேட்கட்டும். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 இலக்கத்தையும் கொப்பி மட்டையில் எழுதி வையுங்கள். சபரிமலைக்குப் போய்வந்த சாமிமாரிடமும் ஒன்று கேட்கிறேன்: இந்த முறை மாலையைக் கழற்றும்போது, உங்களோடு விரதமிருந்த அந்த இழுப்புக்கார அண்ணையின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு, 42ஆம் நாள் காலையிலும் அவரைக் கூப்பிடுங்கள்.