தண்டனைக்குப் பின் தொழில்

நியாயஸ்தலம் விதித்த சிறைவாசத்தைப் பூரணமாக அனுபவித்து வெளிவந்த ஒருவனுக்கு அவன் கற்ற தொழிலை நடத்த உரிமை உண்டா, இல்லையா? திண்டுக்கல் நகரிலோ சுற்றுக் கிராமங்களிலோ வரப்புத் தகராறில் சிக்கித் தண்டனை பெற்ற வாலிபன் ஒருவன், பின்னர் சட்டம் பயின்று வந்து இக்கேள்வியைக் கேட்பானாகில், அவனுக்கு நாம் என்ன விடை கூறுவது?

கேள்வி புதியதன்று. சுதேசிக் கப்பல் ஓட்டிய ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை ராஜத்துரோகக் குற்றத்திற்காக 1908-ல் தண்டிக்கப்பட்டு, 1912-ல் விடுதலையானார். வக்கீல் சன்னதை இழந்த அவர் சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து வறுமையில் உழன்றார். பிற்காலத்தில் வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்துக் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். அந்நன்றியை மறவாது தம் புதல்வனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். மகாத்மா காந்தியின் பெயரை லண்டன் இன்னர் டெம்பிள் சங்கம் 1922-ல் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து நீக்கியது. மீண்டும் சேர்த்ததோ 1988-ல், அவர் மறைந்து நாற்பது வருஷங்களுக்குப் பின்!

தேசத்தொண்டரையும் திருட்டுக்குச் சிறை சென்றவனையும் ஒன்றாக எண்ணலாமா என்று சிலர் ஆக்ஷேபிப்பர். ஆக்ஷேபம் நியாயமே. கட்சிக்காரன் பணத்தை அபகரித்தவனிடம் வேறு கட்சிக்காரனை ஒப்படைக்கும்படி நாம் கூறவில்லை. ஜனங்களின் பாதுகாப்பே முதன்மையானது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு வேண்டிய அளவே தடையிருக்க வேண்டும்.

இன்றைய நிலைமை என்ன? 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 24-ஏ பிரிவுப்படி, ஒழுக்கக்கேடான குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டவன் வக்கீலாகப் பதிவு பெற முடியாது. விடுதலையாகி இரண்டு வருஷங்கள் கழிந்தால் தடை நீங்கும். ஏற்கெனவே பதிவு பெற்றவர்களுக்கும் இத்தடை பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் தீர்ப்பளித்தது. 1949-ம் வருஷத்துக் கணக்காயர் சட்டமோ காலவரையறை எதுவும் கூறவில்லை. அத்தகைய தண்டனை பெற்றவர் மன்னிப்புப் பெற வேண்டும், அல்லது மத்திய சர்க்காருக்கு விண்ணப்பித்துத் தடையை நீக்கிக்கொள்ள வேண்டும். ஒரே குற்றம், இரண்டு தொழில், இரண்டு நியாயம்! 'ஒழுக்கக்கேடு' எது என்பதையோ இவ்விரு சட்டங்களும் விளக்கவில்லை.

ஆகவே நாம் கோருவன மூன்று. ஒழுக்கக்கேடான குற்றங்கள் எவை என்பதைப் பார்லிமெண்டு தெளிவாக வரையறுக்க வேண்டும். செய்த குற்றத்திற்கும் கேட்கும் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ந்த பின்னரே அநுமதி மறுக்கப்பட வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை காத்திராமல் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவனுக்கு 24-ஏ பிரிவின் தடை கிடையாது. முதல் முறை தவறிய வாலிபனுக்காகத் திண்டுக்கல் கோர்ட்டுகளில் ஆஜராகும் வக்கீல்கள், தண்டனையின் அளவைப்பற்றி மட்டும் வாதிக்காமல், இச்சட்டத்தின் உதவியையும் தவறாது கோர வேண்டும். அன்று அவர்கள் பேசும் இரண்டு வார்த்தைகள் ஒருவனுடைய ஆயுட்காலத் தொழிலைக் காப்பாற்றக்கூடும்.

பூட்டுக்குப் பெயர்போன ஊராருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாவியோடு செய்யப்படுவதே பூட்டு. தண்டனை அனுபவித்துத் திருந்தி வந்தவனுக்குத் திறவாத கதவு, சமூகத்துக்குக் காவலாகாது. அவனை மீண்டும் குற்றத்தின் பக்கமே துரத்தும்.