ஆழாக்கு எண்ணெய்

மாத்தளைப் பகுதிக் கடைகளிலே தேங்காய் எண்ணெயைப் போத்தல் கணக்கிற் கேட்போரை இன்றும் காண்கின்றோம். பழைய கலனில் ஆறில் ஒரு பங்கே போத்தல். ஏறத்தாழ 750 மில்லிலீற்றர். லீற்றர் வந்து பல்லாண்டுகள் ஆகியும் அச்சொல் நம் நாவைவிட்டு அகலவில்லை. பண்டை எபிரேயரின் இத்தகைய அளவுப் பெயர்களிற் சில, தமிழில் பெயர்க்கப்பட்ட கதையை இவ்வாரம் நோக்குவோம்.

எபிரேயர் எண்ணெயும் திராட்சரசமும் அளந்த சிற்றளவு 'லோக்' எனப்படும். ஆறு கோழிமுட்டைகளின் கொள்ளளவே ஒரு லோக் என யூத அறிஞர் வகுத்தனர். அஃது ஏறத்தாழ லீற்றரில் மூன்றில் ஒரு பங்காகும். பன்னிரண்டு லோக் ஒரு ஹீன். ஆறு ஹீன் ஒரு பாத். பத்துப் பாத் ஒரு கோர். மாணவர் இவ்வாய்பாட்டைக் குறித்து வைத்துக்கொள்வாராக.

நம் வீடுகளில் வழங்கும் பழைய தமிழ் விவிலியத்தில் இப்பெயர்கள் காணப்படா. லோக் ஆழாக்காகவும், ஹீன் படியாகவும், பாத் குடமாகவும் மாறியுள்ளன. படிப்பவர்க்குப் பொருள் உடனே விளங்குகின்றது; ஆயின் கணக்கு ஒத்துவரவில்லை. நமது படிக்கு எட்டு ஆழாக்கு. ஹீனுக்கோ பன்னிரண்டு லோக். காற்படி எண்ணெய் என்றதும் நாம் இரண்டு ஆழாக்கை நினைக்கின்றோம். மூலத்திலோ அது மூன்று லோக்!

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்திலே, தோல்நோய் நீங்கியவன் செலுத்தவேண்டிய காணிக்கை கூறப்படுகின்றது. வசதியுள்ளவனுக்கு மூன்று ஆடுகள். வறியவனுக்கு ஓர் ஆடும் இரு புறாக்களும் போதும். மாவும் மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றது. எண்ணெய் மட்டும் இருவர்க்கும் ஒரே லோக்! அந்நூலே 19ஆம் அதிகாரத்தில், ஹீன் நேர்மையானதாய் இருத்தல் வேண்டும் எனக் கட்டளையிடுகின்றது.

இதிலே நமக்கும் ஒரு பாடம் உண்டு. பீப்பாய்க் கணக்கில் வாங்குவோருக்குச் சில துளிகள் குறைவது பெரிதன்று. நாட்கூலியிலே காற்போத்தல் வாங்கும் தோட்டத்துத் தாய்க்கோ, அத்துளிகள் ஒரு வேளைத் தாளிதம் அன்றோ? ஏழையின் அளவு சிற்றளவு. அதிலே குறைத்தால் குறை நாள்தோறும் பெருகும். ஆகவே கடைக்காரர் அளவுக்குவளை முற்றும் வடியும்வரை பொறுப்பாராக. எண்ணெய் வாங்கச் செல்லும் பிள்ளைகளும் அதனைக் கண்ணாற் பார்த்து வாங்கி வருவாராக.