காட்சித் திடலுக்கும் ஒரு விதி வேண்டும்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

ஓரிரு நாள்களுக்கு மட்டும் ஒரு திடலிலோ மண்டபத்திலோ வாகனங்களை நிறுத்தி மக்களுக்குக் காட்டும் தற்காலிக வாகனக் காட்சிகளுக்கு, மாநிலம் முழுமைக்கும் பொருந்தும் எளிய அனுமதி முறை ஒன்றைத் துறை வகுத்துத் தர வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

இத்தகைய காட்சிகளுக்கு வரும் வண்டிகள் இரு வகைப்படும். இரண்டையும் சட்டம் அறிந்தே இருக்கிறது. முதல் வகை, விற்பனையாளர் வசம் உள்ள புதிய, பதிவாகாத வண்டி. பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. அதற்கு விலக்காக, பதிவாகும் முன்னரே சில குறிப்பிட்ட தேவைகளுக்கு வண்டியைச் சாலையில் எடுத்துச் செல்ல விற்பனையாளருக்கு வழங்கப்படும் ஆவணமே வணிகச் சான்றிதழ்; சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து அதன் அடையாளம். 1989இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுக்கப்பட்டபோதே, அந்தத் தேவைகளுள் ஒன்றாக வாகனக் கண்காட்சிக்குச் சென்று திரும்புவதும் 41ஆம் விதியில் இடம்பெற்றது.

இரண்டாம் வகை, பழம்பெரும் வண்டி. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் பழைய வடிவிலேயே காக்கப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இவ்வகையில் அடங்கும். புதிதாகப் பதிவு செய்வதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். இவ்வண்டிகளை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே அவை சாலைக்கு வரலாம்.

ஆக, வண்டிக்கு உரிமம் இருக்கிறது, அது காட்சிக்குப் போகவும் உரிமை இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் அது உண்மையிலேயே காட்சிக்குத்தான் போகிறதா என்பதை வழியில் நிற்கும் காவலர் எதைக் கொண்டு உறுதி செய்வார் என்பதே நடைமுறையில் எழும் கேள்வி. ஏற்கெனவே பதிவான பழைய வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், எண் பலகையைப் பார்த்தும் அது எவ்வகை வண்டி என்று அறிய இயலாது. விடியற்காலையில் திடலை நோக்கி மெல்ல ஊர்ந்து வரும் 1950களின் கார் ஒன்றைச் சோதனைக்காக நிறுத்தினால், ரேடியேட்டரில் நீர் கொதிக்கத் தொடங்கும், அணைத்த எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கக் கைப்பிடி போட்டுச் சுழற்ற வேண்டியும் வரலாம், பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். காவலரும் தம் கடமையையே செய்கிறார், உரிமையாளரும் விதியை மீறவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு தாள் இல்லாததே குறை.

அந்தத் தாளைத் துறை தரலாம். காட்சியை நடத்துவோர் நாள், இடம், பங்கேற்கும் வண்டிகளின் எண்கள், காப்பீட்டு விவரம் ஆகியவற்றை ஒரே விண்ணப்பத்தில் இணைய வழியே அளித்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒப்புதல் வழங்கி, அப்பட்டியலைப் போக்குவரத்துக் காவல் துறைக்கும் அனுப்பிவைக்கலாம். அந்த ஒப்புதலின் நகலே, சென்று திரும்பும் நாள்களுக்கு வண்டியின் வழித்துணையாகும். மூடிய மண்டபத்தில் பெட்ரோல் வண்டிகள் அணிவகுக்கும்போது தொட்டியில் எரிபொருளைக் குறைத்தல், மின்கல இணைப்பைக் கழற்றி வைத்தல், தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் ஆகியவற்றையும் ஒப்புதலின் நிபந்தனைகளாக்கலாம்.

காட்சி வேறு, விற்பனை வேறு என்னும் வரையறையும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், புதிய வாகனக் காட்சியில் பங்கேற்கும் உரிமம் பெற்ற விற்பனையாளர் துறைக்கு முன்கூட்டியே எழுத்து வழி அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும். சில சிறப்பு வகை வண்டிகள் நீங்கலாக, காட்சி நடக்கும் இடத்தில் விற்பனை கூடாது. அவ்விதியை அப்படியே எடுத்தாள வேண்டியதில்லை. எனினும் முன்னறிவிப்பு, ஒப்புதல், விற்பனைக்கு எல்லை என்னும் மூன்று கூறுகள் இங்கும் பயன் தரும். அதே வேளையில், பெரு நிறுவனத்தின் வணிகக் காட்சிக்கும் நான்கைந்து ஆர்வலர்கள் பள்ளித் திடலில் நடத்தும் காட்சிக்கும் ஒரே கட்டணம் என்பது முறையாகாது. ஆதாயம் கருதாத காட்சிகளுக்குக் கட்டண விலக்கு அளிப்பதே நீதி.

மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பழம்பெரும் வண்டிக்கான வரையறை இரு சக்கரத்தையும் நான்கு சக்கரத்தையும் மட்டுமே சொல்வதால், தமிழகத் தெருக்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்த ஆட்டோ ரிக்‌ஷா அதற்கு வெளியே நிற்கிறது. எளிய மனிதரின் பிழைப்பைச் சுமந்த அந்த வண்டியும் காக்கப்படத் தக்கதே.

பழைய வண்டியைக் காப்பது செல்வரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. கார்புரேட்டரின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லும் மெக்கானிக்கின் கைத்திறனும், கடைகளில் கிடைக்காத உதிரிப் பாகத்தைத் தாமே கடைந்து தரும் லேத் பட்டறைக்காரரின் அறிவும் அந்த வண்டியோடுதான் உயிர் வாழ்கின்றன. அத்திறனை இளந்தலைமுறை கண்ணால் கண்டு கற்கும் இடம் காட்சித் திடல். அத்திடலுக்கு வரும் வழியைத் துறை செம்மை செய்து தர வேண்டும் என இம்மடல் பணிவுடன் வேண்டுகிறது.

இங்ஙனம்,
வாகன மரபில் அக்கறை கொண்ட குடிமக்கள் சார்பில்.